யார் கொண்டுவந்த நோய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நோய் பன்றிகளுக்குத்தான். ஆனால் இங்கே பண்ணையில் எல்லோரும் அது எனக்கே வந்துவிட்டது போல ஒதுங்கி நடக்கிறார்கள்.

போன் பண்ணாமல் கடிதம் ஏன் என்று கேட்பாய். எங்கள் போன்களை வாங்கி அலுவலக அலமாரியில் பூட்டிவிட்டார்கள். செத்த குட்டிகளின் படம் வெளியே போய்விட்டதாம். குட்டி சாவது பரவாயில்லை, படம் போவதுதான் குற்றம். எங்களில் யாரும் வெளியே போகவும் கூடாது. மச்சான் மட்டும் கழிவு வண்டியோடு வாசல்வரை வந்து போகிறார். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். முதல் தடவை சினையான பன்றிகள் இருக்கும் கொட்டகையில் குட்டிகள் சரியாகப் பிறக்கவில்லை. பாதி வயிற்றிலேயே காய்ந்து, சுட்ட கத்தரிக்காய் மாதிரி கறுத்துச் சுருங்கி வந்தன. உயிரோடு வந்தவற்றுக்குப் பால் குடிக்கத் தெம்பில்லை. தாய்ப் பன்றிகள் மட்டும் நன்றாகத் தின்றுகொண்டு கிடக்கின்றன. குட்டிகளை மொத்தமாக எடுப்பதாக இருந்த கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. அன்றிலிருந்து மேலாளருக்கு ஒரே கேள்விதான். வெளியிலிருந்து இதை உள்ளே கொண்டுவந்தது யார்?

கொட்டகைக்குள் வேலை செய்கிறவர்கள் பன்றி வளர்க்கும் வீட்டில் தங்கக் கூடாது. அது இங்கே விதி. விடுப்பில் உன் வீட்டுக்கு வந்தது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அக்கா வீட்டுக்குப் போகாமல் எங்கே போவேன்? திரும்பி வந்து, எல்லோரையும் போலக் குளித்து, உடை மாற்றி, தனி அறையில் கிடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மேலாளர் கூப்பிட்டு, "உங்க அக்கா வீட்ல பன்னி நிக்குதாமே, சொல்லவே இல்ல?" என்றார். தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறது, பெட்டை என்பதுவரை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

யார் சொல்லியிருப்பார்கள்? என் அறையில் இருப்பவனிடம் உளறியிருக்கிறேன். அவன் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. வாசல் காவலாளி திடீரென்று என்னை 'சார்' என்கிறான். அது நல்லதுக்கில்லை. சமையல்காரர் எனக்கு மட்டும் கரண்டியைப் பாதியாகச் சாய்க்கிறார், அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. மச்சானிடம் சொன்னேன். விடு, பார்த்துக்கலாம் என்றார். இங்கே எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான்.

கால்நடை டாக்டர் எல்லாக் கொட்டகையிலும் இரத்தம் எடுத்தார். நான் கால் வைக்காத கொட்டகைப் பன்றிகளிலும் அதே வைரஸ். கூடவே வேறு இரண்டு. "இதெல்லாம் இல்லாத பண்ணை ஒண்ணு காட்டு தம்பி, நான் ஊசியைக் கீழ வெச்சிடறேன்" என்றார். பழைய பன்றிகளில் அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டே இருக்குமாம், அவற்றை ஒன்றும் செய்யாதாம். புதிதாகச் சினைப்படுகிறவைதான் குட்டிகளை இழக்குமாம். அவற்றுக்குப் போட வேண்டிய தடுப்பூசியை இந்த முறை தள்ளிப்போட்டார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். இதை மேலாளரிடம் சொல்லுங்கள் என்றேன். டாக்டருக்கு அவசரமாகக் கை கழுவ வேண்டியிருந்தது.

நோய் எல்லா இடத்திலும் இருக்கிறது. குற்றவாளி மட்டும் ஒரே ஆளாக வேண்டும், அதுவும் சாணி அள்ளுகிறவனாக வேண்டும்.

உன் பன்றிக்கும் இரத்தம் எடுக்க டாக்டரை அனுப்பப்போகிறார்கள். பயப்படாதே, எதையும் மறைக்காதே. சந்தையில் வாங்கியது என்று மச்சான் சொன்னதைச் சொல். காது, வால் எல்லாம் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு காதிலும் அடையாள வெட்டுப் போடுவோம். போடுகிறவனே நான்தான். அது இல்லாத பன்றி என்றால் பண்ணையிலிருந்து எடுத்தது இல்லை என்றாவது தெரியட்டும்.

பதிலை மச்சானிடமே கொடு. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


அக்கா,

இது சமையல்காரர் கையில் வருகிறது. சாமான் வாங்க இப்போது அவரை வெளியே விடுகிறார்கள். உன் தெருமுனைத் தையல்காரம்மாவிடம் கொடுப்பார். சமையல்காரரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. படித்ததும் அடுப்பில் போடு. மச்சான் கண்ணில் படக் கூடாது.

உன் பதில் வந்தது. உறையைப் பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தது. சின்னவளுக்குப் பல் விழுந்தது, பெரியவன் வாத்தியாரிடம் அடி வாங்கியது எல்லாம் எழுதிவிட்டு நடுவில் ஒரு விஷயம் எழுதியிருந்தாய். நாய் வந்து பன்றியின் இடது காதைக் கடித்துவிட்டது, மச்சான்தான் மருந்து போட்டார், காது நேராக நறுக்கினது மாதிரி இருக்கிறது என்று.

நாய் கடித்தால் பிய்யும். நேராக நறுக்காது. அடையாள வெட்டு இருந்த இடத்தைக் கத்தியால் எடுத்திருக்கிறார்.

அக்கா, அது எங்கள் பண்ணைக் குட்டி. தேறாத குட்டிகளை உயிரோடு மச்சான் வண்டியில் போட்டு அனுப்புவார்கள், குழியில் போடச் சொல்லி. ஒன்றைக் கொண்டுவந்து உன் வீட்டில் விட்டிருக்கிறார். நான் வந்தபோது அது உடம்பெல்லாம் சேறாகக் கிடந்தது. விடுப்பில் வந்தவன் பன்றியின் காதையா பார்ப்பான்? சாகப்போனதை எடுத்துப் பிழைக்க வைத்தார். அதை நான் ஒரு குற்றமாகவே நினைக்க மாட்டேன்.

ஆனால் காவலாளி இன்னொன்று சொன்னான். மேலாளர் முதலில் பிடித்தது கழிவு வண்டியைத்தானாம். உன் வீட்டில் பன்றி உண்டா என்று கேட்டதும் மச்சான், "இருக்கு சார். ஆனா நான் வாசலோட சரி. உள்ள போறவன் என் மச்சினன், அவன்தான் வந்து தங்கிட்டுப் போனான்" என்றாராம். அவர் ஒப்பந்தக்காரரின் ஆள், விதி அவரைத் தொடாது. என்னைத் தொடும். இது தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். பிறகு வந்து என் தோளில் கை போட்டு, பார்த்துக்கலாம் என்றார். இன்னும் அவர் இவர் என்று எழுதுகிறேன் பார், அது உனக்காக.

வெள்ளிக்கிழமை டாக்டர் உன் வீட்டுக்கு வருகிறார். இரத்தத்தில் வைரஸ் இருந்த அடையாளம் கட்டாயம் தெரியும். அது இங்கிருந்து அங்கே போனது. காது இல்லையென்றால் நான் அங்கிருந்து இங்கே கொண்டுவந்தேன் என்று எழுதி முடித்துவிடுவார்கள். அப்புறம் எந்தப் பண்ணையும் என்னை வாசலில்கூட நிற்க விடாது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான்.

வலது காது இன்னும் இருக்கிறது, ஒரே நாளில் இரண்டையும் நாய் கடித்தது என்றால் நீ நம்ப மாட்டாயே. அதைக் கழுவிக் காட்டினால் நான் தப்பிப்பேன். மச்சான் மாட்டிக்கொள்வார், வண்டி போய்விடும், உன் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். நானே மேலாளரிடம் போய்ச் சொல்லலாம். வாய்வரை வருகிறது, பிள்ளைகள் முகம் வந்து நிற்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அவர் பிரித்துப் படிப்பார் என்று உனக்குத் தெரியுமல்லவா? அந்த 'நேராக நறுக்கினது மாதிரி' என்பதைச் சும்மா எழுதினாயா, எனக்குப் புரியட்டும் என்று எழுதினாயா? இரண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சில சமயம், உனக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், காதை நறுக்கும்போது பன்றியைப் பிடித்துக்கொண்டதே நீதான் என்றுகூடத் தோன்றுகிறது. என்னை மன்னித்துவிடு. இந்த இடம் என்னை இப்படி ஆக்கிவிட்டது.

நீ எது செய்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய். கேட்பேன்.

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். மச்சானும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை டாக்டர் வருவதற்குள் அந்தக் காதுக்கும் நாய் வர, அவர் உன்னை எங்காவது போய்வரச் சொல்வார். போகாதே அக்கா. வீட்டில் இரு.

உன் தம்பி