பெரம்பூர் வீட்டுக்குப் பாதிப் பணம்

திருத்தணி
சித்திரபானு வருஷம் வைகாசி 12

என் செல்வன் ராஜமாணிக்கத்துக்கு அம்மா ஆசீர்வாதம். மலைமேல் இருக்கிறவன் கண்பார்வையில் இங்கே எல்லோரும் சுகம், பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருப்பதை எழுது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை அம்சா எழுதுகிறாள்.

பெரம்பூர் வீடு நமக்கே, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணத்திலிருந்து ஓடிவந்து இங்கே குளத்தங்கரையில் வாடகைக்குக் குடியிருக்கும் சிங்காரம், நாலாயிரம் பெறும் தன் வீட்டை இரண்டாயிரத்து நானூறுக்குத் தருகிறேன் என்றதும் உன் நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. நிதிக் கம்பெனியில் வீட்டின்பேரில் முக்கால் பங்கு கடன் கொடுப்பார்கள், கால் பங்கு அறுநூறு நாம் போட்டால் போதும், நம்மிடம் தொள்ளாயிரம் இருக்கிறதே என்று, மலையில் சன்னதிக்கு எதிரே வெற்றிலை மாற்றி அதில் நூறு ரூபாயை அச்சாரமாகக் கொடுத்துவிட்டார். பிறகுதான் நிதிக்குப் போனார். வீட்டு விலை தினம் இறங்குகிறது, இனிமேல் பாதிக்குமேல் தருவதில்லை, மற்றப் பாதி உங்களுடையது என்றாராம் குமாஸ்தா. முந்நூறு குறைந்தது. சாமி முன்னால் வெற்றிலை மாற்றியபின் விலையைக் குறைக்கச் சொல்ல வாயில்லை, பின்வாங்கினால் நூறும் போகும் வீடும் போகும். மூன்று நாள் உன் நைனா சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அப்போது அம்சா அடுப்பங்கரையில் என் காதோரம் வந்து, "ஏம்மா, அவங்க மாசம் பதினஞ்சு ரூபா வாடகை குடுத்துகினுதானே கீறாங்க, நம்ம பின்கட்டுல வாடகை இல்லாம வந்து இருக்கச் சொன்னா இருபது மாசத்துல அந்த முந்நூறு கழிஞ்சிடாதா" என்றாள். அஞ்சாவதோடு நின்ற பெண்! இதை எழுதமாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், அதட்டி எழுதவைக்கிறேன். சிங்காரத்திடம் சொன்னதும், "ஏங்க, அந்தக் குளத்தங்கரை வூட்டுப் பொகையில கண்ண கசக்கிகினு வாடகையும் குடுத்துகினு கெடக்கறேன், இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா" என்று சிரித்தார். அவர் சம்சாரம், "ஆங், பின்கட்டுல எருமைங்க கீதே, எங்க வூட்டுக்காரருக்குப் பேச்சுத்துணை ஆச்சு" என்றாள். நேற்றே பெட்டி படுக்கையோடு வந்துவிட்டார்கள்.

எல்லோரும் ஓடிவருகிற ஊரில் போய் வீடு வாங்குகிறாயே என்று மணவாளன் மாமா கேலி செய்கிறார், செய்யட்டும். நிதிக்கு மாதத் தவணை உண்டு, மணியார்டரை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடு, மறக்காதே. வெயிலில் தலைக்கு எண்ணெய் வை. வருகிற திங்கட்கிழமை பத்திரப் பதிவு. அன்றைக்கே பெரம்பூருக்குப் போய்ப் பால் காய்ச்சுகிறோம், கதவைத் திறக்கிற கை அம்சாவுடையதாக இருக்கட்டும் என்று உன் நைனா சொல்லிவிட்டார். மனையும் மக்களுமாய் நீ நூறு வயது இரு.

இப்படிக்கு
உன் அம்மா கௌரியம்மாள்
(எழுதியது அம்சா)