அவள் வேண்டாமென்றாள், நான் கையெழுத்துப் போட்டேன்

மர்பி டவுன், பெங்களூர்
14-9-1959

சிரஞ்சீவி ஞானசேகரனுக்கு அப்பா பச்சைமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. அந்த மலையில் ரோடு போடும் இடத்தில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் சம்சாரம் அம்சவேணி உயிரோடு இருக்கிறாள், அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை எங்காவது உட்கார்ந்து படி.

போன மாதம் இருபதாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றில் ஏழு மாதம், மழையில் நனைந்திருப்பாள் என்று கஷாயம் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்கப் பார்த்தாள், கால் வரவில்லை, மத்தியானத்துக்குள் மூச்சும் திணற ஆரம்பித்துவிட்டது. ஜட்காவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம்பிள்ளை வாதம் என்றார்கள். குழந்தைகளுக்கு வருவதல்லவா என்றேன், பெரியவர்களுக்கும் வரும் என்றார் டாக்டர். ஒரு நீள இரும்புப் பெட்டி இருக்கிறது, தலை மட்டும் வெளியே, உடம்பு முழுக்க உள்ளே, அதுதான் அவளுக்காக மூச்சு விடுகிறது. கரண்ட் போனால் கால்பக்கத்துப் பிடியைக் கையால் ஆட்ட வேண்டும். ஜோகுபாளையத்திலிருந்து உன் மாமனார் முனியப்பன் வந்துவிட்டார், நானும் அவரும் மாற்றி மாற்றி ஆட்டினோம். உனக்கு இரண்டு தந்தி அடித்தேன். மழையில் பாதை அடைத்துக் கிடக்கிறது, செய்தி போய்ச் சேர நாளாகும் என்று பதில் வந்தது.

ஒரு வாரம் போனதும் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். குழந்தை வளர வளர நெஞ்சை மேலே தள்ளுகிறது, பெட்டி இருந்தும் காற்று போதவில்லை, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் தாய் பிழைக்கலாம், ஏழு மாதக் குழந்தை நிற்பது கஷ்டம், காத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார். புருஷன் கையெழுத்து வேண்டும், அவர் இல்லையென்றால் வீட்டுப் பெரியவர் போடலாம் என்றார். முனியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் பொண்ணு இருந்தா போதும் சம்பந்தி, போடுங்க என்று அழுதார். உன் அம்மா, ஐயோ, நம்ம சேகரோட குழந்தை அது, அவன் வந்து கேட்டா இன்னா சொல்லுவீங்க என்றாள். நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அங்கே கேத்தரின் என்று ஒரு நர்ஸம்மா, அவர்தான், இத்தனை பேர் பேசுறீங்க, அந்தப் பொண்ணுக்கு நினைவு நல்லா இருக்கு, அவளை ஒருத்தராவது கேட்டீங்களா என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

போய்க் கேட்டேன். பெட்டி மூச்சை வெளியே விடும்போது மட்டும்தான் அவளால் பேச முடியும், இரண்டு வார்த்தை, அப்புறம் நிறுத்தம், மறுபடி இரண்டு வார்த்தை. வேணாம் மாமா, பத்து நாள் குடுங்க, கொழந்தை கொஞ்சம் தேறட்டும், நான் தாங்குவேன் என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரும் பார்க்கலாம் என்றார்.

நாலு நாள்தான் போயிற்று. ஐந்தாம் நாள் காலை நகமெல்லாம் நீலமாகிவிட்டது. டாக்டர் காகிதத்தோடு வந்தார். அவளுக்குக் குரல் வரவில்லை, ஆனால் கண் என்மேலேயே இருந்தது, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும் சேகர், தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

பெண் குழந்தை. காலை பதினொரு மணிக்குப் பிறந்து சாயங்காலம் போய்விட்டது. உயிரோடு இருக்கும்போதே கேத்தரினம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அம்சவேணி தலைக்குமேல் பெட்டியில் மாட்டியிருக்கிற கண்ணாடியில் தெரியும்படி பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்தாளா, மயக்கத்தில் இருந்தாளா என்று தெரியவில்லை, கேட்க எனக்குத் தைரியமில்லை. நானும் முனியப்பனும் அல்சூர் மயானத்துக்குக் கொண்டுபோனோம்.

இப்போது தினமும் பெட்டியைத் திறந்துவைத்துப் பார்க்கிறார்கள், கால்மணி நேரம் தானாக மூச்சு விடுகிறாள். கால் எப்படி என்று இப்போது சொல்ல முடியாதாம். அவளுக்குக் குரல் திரும்பியதும் என்னிடம் பேசிய முதல் பேச்சு, நான் வேணாம்னு சொன்னேனே மாமா என்பதுதான். அவள் பிழைத்திருக்கிறாள், அதனால் நான் செய்தது சரியென்று ஆகுமா? பத்து நாள் பொறுத்திருந்தால் இரண்டு பேரும் இருந்திருப்பார்களா, இரண்டு பேரும் போயிருப்பார்களா, டாக்டருக்கே தெரியாது. உன் அம்மா சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. நீ வந்து கோபப்படு, என்மேல் படு, உன் மாமனார்மேலும் அந்த டாக்டர்மேலும் வேண்டாம்.

இதுவரை எழுதியதை இன்று அவளிடம் படித்துக் காட்டினேன். உனக்கு அனுப்பலாமா என்றும் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பெட்டி இரண்டு மூன்று மூச்சு விட்டபிறகு, அனுப்புங்க, மாமா செஞ்சது தப்புன்னு நான் சொன்னதா எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், உன் தலைக்கு ஒன்றும் வரக்கூடாது. நாலு மணிக்குமேல்தான் வார்டில் விடுவார்கள், ரயிலை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராமல் நேராக அங்கே போ.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. பச்சைமுத்து