நாம் மூடிய தோணா

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொல்லக்கூடியதைத் தாளில் எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். நீங்கள் "சாப்பிட்டாயா" என்று கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு கதை பேசிவிடுகிறேன். விடுமுறையில் வந்த முனாப் நானா ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருக்கும் குவைத்துக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டுமென்று களுதாவளைப் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா மறுபடி வாவிக்குப் போகிறார், இறால் கொஞ்சம் படுகிறது.

ஆவணியில் நான் வேலை செய்யும் பிரதேச சபைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. காலநிலை மாறுவதால் மழையும் வெள்ளமும் இனி எப்படி வரும், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொரு சபையும் ஐந்து வருடத் திட்டம் எழுதியே ஆகவேண்டுமாம். கம்பஸ் படித்த பிள்ளை என்று செயலாளர் சேர் அதை என்னிடம் தந்தார். சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாக, ஒரு சந்து விடாமல் போய், சுவர்களில் பழைய வெள்ளம் விட்ட கறையை அளந்தேன். எங்கள் ஒழுங்கையில்தான் கறை ஆக உயரம். ஆனால் வடிகால் வெட்டவேண்டிய இடங்களின் பட்டியலில் அதை நான் எழுதவில்லை. தன் ஒழுங்கைக்கே செய்துகொண்டாள் என்று சனம் சொல்லும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். சேர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் என் நேர்மையைப் பாராட்டினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார்த்திகை மழையில் தண்ணீர் மூன்று நாள் வடியவில்லை. நம் வீடு மேட்டில் இருப்பதால் வாசலோடு நின்றது. பக்கத்து வீட்டில் மங்கையற்கரசி மாமியின் கட்டில் மிதந்தது. பாரிசவாதத்தில் கிடக்கும் அவர் கணவர் இராசதுரை மாமாவை அப்பாவும் மூன்று பேரும் கதவுப் பலகையில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். அவர் அந்த நிலையிலும் பகிடி விட்டார். "என்னகா புள்ள, கந்தோர்த் திட்டத்தில எங்கட ஒழுங்கையும் இரிக்கா, இல்லாட்டி எங்கள மீனெண்டு எழுதிப் போட்டியா?" என்றார். நான் ஓம் மாமா, இருக்கு என்றேன். அம்மா, அந்தப் பொய் இன்னும் எனக்குள் கிடக்கிறது. அவருக்குச் சளிக்காய்ச்சல் வந்து ஆசுப்பத்திரியில் பத்து நாள் கிடந்து இப்போதுதான் தேறியிருக்கிறார்.

உண்மைக் காரணம் சனத்தின் வாயல்ல. பெரிய ரோட்டு மழைத்தண்ணீரை வாவிக்குக் கொண்டுபோன பழைய தோணா, எனக்குச் சீதனமாக எழுதவென்று நீங்கள் வாங்கிய வளவின் வடக்கு ஓரத்தால்தான் ஓடியது. நாம்தான் மண் போட்டு மூடினோம். சபையிலுள்ள பழைய வரைபடத்தில் அது தெளிவாக இருக்கிறது. நம் ஒழுங்கைக்கு வடிகால் என்றால் அந்த வளவைத்தான் வெட்டவேண்டும். அதைப் பார்த்த அன்றுதான் பட்டியலில் நம் ஒழுங்கையை விட்டேன்.

நேற்று சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. தை இருபதாம் திகதி சபை திட்டத்தை நிறைவேற்றும், அதற்கு முன் சேர்க்கலாம், பிறகு ஐந்து வருடத்துக்கு முடியாது என்றார். காணிக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டுமாம்.

வெயிலில் துணி காயப்போடும்போது தலையை மூடிக்கொள்ளுங்கள், மருந்தை விடாதீர்கள். இங்கிருந்தே உங்கள் காலைத் தொட்டுக்கொள்கிறேன், என்னை ஆசீர்வதியுங்கள். இனிக் கேட்காமல் முடியாது. போன விடுமுறையில் வந்தபோது நீங்களே கல் சுமந்து சமையல் குசினிக்கு அத்திவாரம் போட்ட அந்த வடக்குப் பக்கம், பன்னிரண்டு அடி, அதைத் தோணாவுக்கு விட்டுத்தரச் சம்மதம் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புவீர்களா அம்மா?

உங்கள் மகள்,
அஜந்தா