பாலீஷ் போடாத சிவப்புக் கார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் என் முழங்காலும் சுகம். நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று உன் கையெழுத்தில் வந்தால் இன்னும் சுகமாக இருப்பேன், போனில் நீ சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன், போன வாரம் நீ பேசியபோது நடுவில் இரண்டு தடவை இருமினாய், அதை மறைக்கப் பக்கத்தில் யாரையோ கூப்பிடுவது போலப் பாவனை செய்தாய். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மாடியில் குடியிருக்கும் டீச்சருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மூன்று கிலோ, தலை நிறைய முடி. மற்ற சங்கதிகளைப் பிறகு எழுதுகிறேன், நம் பந்தயத்துக்கு முதலில் வருகிறேன்.

நீ சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "எழுபத்திரண்டு வயசுல எதுக்கும்மா இந்த பெயின்ட் நாத்தம், பொம்மைக் காரை வெச்சுக்கிட்டு, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்றாய். அது பொம்மை இல்லை, நிஜக் காரை இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த மாடல் என்று அன்றைக்கே திருத்தினேன். மாடல் கார் சங்கத்தின் பளபளப்புப் போட்டியில் உன் சித்தப்பாவை நான் ஜெயித்தால் உன் அறை எனக்குப் பெயின்ட் அறை, தோற்றால் ஸ்ப்ரே டப்பாக்கள், இதுவரை செய்த ஒன்பது கார்கள் அத்தனையையும் மூட்டை கட்டி அவரிடமே கொடுத்துவிட்டு நான் சும்மா உட்கார வேண்டும். இதுதான் பேச்சு. நீ உடனே சரி என்றாய். ஆறு வருடமாக அந்தக் கோப்பை உன் சித்தப்பா வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா என்ன.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை காலை வரைக்கும் என் கருஞ்சிவப்புக் கார் கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே சாம்பல் நிறப் பிரைமர், அதன் மேல் சிவப்பு, அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் பூச்சு, எல்லாம் மூன்று வாரம் காய்ந்து இறுகியிருந்தது. கடைசிப் பாலீஷ் மட்டும் பாக்கி. கான்வென்டில் எங்களுக்கு ஒரு சிஸ்டர் இருந்தார், பெஞ்சு துடைத்தால் முதலில் ஓரமும் மூலையும், நடுப்பலகையை யார் வேண்டுமானாலும் துடைப்பார்கள் என்பார். அறுபது வருடமாக நான் எதைத் துடைத்தாலும் அப்படித்தான். அதே கணக்கில் காரின் முன்மூடி விளிம்பில் துணியை வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்தேன். துணியில் சிவப்பு வந்தது. சரி, அழுக்கு என்று இன்னும் தேய்த்தேன், சாம்பல் வந்தது, அதற்கும் பிறகு வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லைக் காட்டியது. துணியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

சங்கத்தில் என் பக்கத்து மேஜைக்காரரான பஸ் டிரைவர் வீட்டுக்கே ஓடி வந்து பார்த்தார். "இதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க, ரேஸ் கார் மாதிரி ஒரு நம்பர் ஸ்டிக்கரை அது மேல ஒட்டுங்கம்மா, கடவுளுக்கே தெரியாது" என்றார். எனக்குத் தெரியுமே என்றேன். உன் சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை, டிரைவர் சொல்லியிருக்கிறார், அரை மணியில் சித்தப்பா வாசலில் வந்து நின்றார். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத முகம் அது. "அண்ணி, ஓரத்துல பெயின்ட் நிக்காது, ஈரமா இருக்கும்போதே ரெண்டு பக்கமும் இறங்கிடும், அங்க வெங்காயத் தோல் அளவுதான் இருக்கும். ஓரத்தைக் கடைசியில சும்மா தொட்டா போதும், நீங்க கடாயைத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சிருக்கீங்க" என்றார். எதிராளியிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று கேட்டேன். "சொன்னாலும் நீங்க கேக்கவா போறீங்க" என்றார்.

அன்றைக்கே காரை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷால் மொத்தத்தையும் உரித்தேன். வியாழன் காலை பிரைமர், மாலை சிவப்பு. வெள்ளி மதியம் கிளியர். இதில் சிக்கல் என்னவென்றால் கிளியர் இறுகப் பல நாள் வேண்டும், இறுகாததை உப்புத்தாளால் தேய்க்கவும் முடியாது, பாலீஷும் போட முடியாது, மேலே ஆரஞ்சுத் தோல் மாதிரிக் குழி விழுந்தால் விழுந்ததுதான். தெளித்த கையோடு அது தானாகவே மட்டமாகப் படிய வேண்டும். சாமான் அறை ஜன்னலைத் திறந்து வைத்து, மூக்குக்கு முகமூடி போட்டு (ஆமாம், போட்டேன், டிரைவரைக் கேட்டுக்கொள்), தூசி எழும்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்து, ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்தேன், அப்போதுதான் துளி மெலிதாக விழும். முதலில் பனி போல இரண்டு பூச்சு. மூன்றாவது நனைய நனைய ஒன்று. கொஞ்சம் குறைந்தால் குழி, கொஞ்சம் கூடினால் கண்ணீர் மாதிரி வழியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே வீச்சில் அடித்தேன், மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்தேன்.

அதற்குப் பிறகுதான் மகனே எனக்குப் பெரிய பாடு. இந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நான் இரண்டாவது தடவை துடைக்காமல் வைத்ததில்லை, உன் அப்பா கழற்றி வைத்த கண்ணாடியை அவர் தேடும்போதெல்லாம் அது என் முந்தானையில்தான் இருக்கும். கை பரபரவென்றது. சனிக்கிழமை காலைக்குள் மூன்று முறை அந்த அறை வாசல் வரை போய்விட்டேன். கடைசியில் அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய் உன் சித்தப்பாவிடமே கொடுத்தேன். "என்கிட்டயா? நான் போய் ஒரு விரலை வெச்சா கப்பு எனக்குத்தான் அண்ணி" என்றார். வைத்துப் பாருங்கள் என்றேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்து, சாவியை மேஜை மேல் வைக்காமல் என் கையிலேயே கொடுத்தார்.

தீர்ப்புச் சொல்ல வந்தவர் நிஜக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், நகக்கண்ணில் நாலு நிறம். அவர் பார்க்கும் விதம் இப்படி: இரும்பு ஸ்கேலைக் காருக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்துவார், பெயின்டில் விழும் பிரதிபலிப்பில் எத்தனை சென்டிமீட்டர் வரை கோடு கலங்காமல் தெரிகிறது என்று எண்ணுவார். உன் சித்தப்பாவின் கறுப்புக் காரில் பதினொன்று. கைதட்டினார்கள், நானும் தட்டினேன். என் காரில் ஒன்பது, பத்து, பதினொன்று என்று வந்தார், நிறுத்தினார், குனிந்து கன்னத்தை மேஜையோடு வைத்துப் பார்த்துப் பன்னிரண்டு என்றார். உன் சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானும் குனிந்தார். எழவே இல்லை. "என்ன பாலீஷ்மா போட்டீங்க" என்று அந்தப் பெயின்டர் கேட்டார். பாலீஷே போடவில்லை, தொடக்கூட இல்லை என்றேன். "நிஜக் கார்லயே எனக்கு இப்படிப் படியாது" என்றார். உடனே உன் சித்தப்பா, தானே ஜெயித்த மாதிரி, அறை முழுக்கக் கேட்க, "எங்க அண்ணியாக்கும்! நாலே நாள்ல!" என்றார். தோற்றவர் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆகவே உன் கட்டில் நேற்றுக் கழற்றப்பட்டு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டது, அவள் அம்மா வந்து தங்கியிருக்கிறாள், அவளுக்கு உபயோகம். உன் அலமாரியில் பிரைமர் டப்பாக்கள் உயரவாரியாக நிற்கின்றன. உன் சான்றிதழ்களைத் துணியில் சுற்றி என் பீரோவில் வைத்திருக்கிறேன், பயப்படாதே.

இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. நின்றுகொண்டு சாப்பிடாதே. மருமகளிடம் அவளுக்குப் பிடித்த நிறம் என்ன என்று கேட்டு எழுது, அடுத்த கார் அவளுக்கு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, குறையில்லாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும். லீவில் வரும்போது படுக்கை ஹாலில் போட்டுத் தருகிறேன். உன் பழைய அறைக்குள் எட்டிப்பார்க்க ஆசைப்பட்டால் காலைக் கழுவிவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, நான் வா என்று சொன்ன பிறகு வா.

உன்னைப் பந்தயத்தில் ஜெயித்த,
அம்மா