மறந்துபோன வரி

மார்ச் 3

காலையிலேயே சலவைக்கு ஒரு கோட் வந்தது, காலரில் உதட்டுச்சாயக் கறை. "என் மனைவியோடதுதான்" என்றார் அந்த ஆள், யாரும் கேட்காமலேயே. சீட்டு கிழித்துக் கொடுத்தேன். கறை போய்விடும்.

சலவைக் கடைக்காரன் மகளுக்கு ஜாஸ் எதற்கு என்று அப்பா மறுபடியும் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை ஓட்டலில் என் முதல் தனிக் கச்சேரி. இத்தனை நாளும் சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பாடியவள் நான். அன்று நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பியிருக்கும். ரேடியோவுக்காகப் பதிவு வேறு செய்கிறார்கள். "வாங்கப்பா" என்றேன்.

"குரல் நல்லாத்தான் இருக்கு. பாடற இடம்தான் சரியில்ல."

வருவாரா மாட்டாரா, அதைச் சொல்லவில்லை. கடையைப் பூட்டிப் பாதித் தெரு வந்ததும் திரும்பிப் போய், திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். தினமும் இதே கூத்து. தான் போட்ட பூட்டையே நம்பாதவர் என்னை நம்பிவிடுவாரா?

மார்ச் 7

நேற்று எழுதக் கை வரவில்லை.

அப்பா வந்தார். என் கவுனை அவரே தேய்த்துக் கொடுத்தார், மடிப்பு கத்தி மாதிரி நின்றது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது பாட்டின் நடுவில் எழுந்தார். வரிசையில் இருந்தவர்களின் முழங்காலையெல்லாம் இடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு வெளியே போய்விட்டார். "நீ திரும்பும்வரை விழித்திருப்பேன்" – அந்த வரி எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. வாய் திறந்திருக்கிறது, சொல் இல்லை. அடிபட்ட நாய் மாதிரி ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. எங்கள் குழுவின் பியானோ அண்ணன் அதன் பின்னாலேயே வாசித்து வந்து பாட்டைத் தாங்கிப் பிடித்தார்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெத்த அப்பாவுக்கு உக்கார முடியல, யாரோ ஊர்பேர் தெரியாதவன் எழுந்து நிக்கறான். நான் என்ன அவ்வளவு கேவலமாவா பாடினேன்?

வீட்டுக்குப் போகவில்லை. பியானோ அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அண்ணி தலையணை கொடுத்தார்.

மார்ச் 15

அப்பா கூப்பிடவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 22

ரேடியோவில் காலையும் மாலையும் அந்தப் பாட்டு. இன்று கச்சேரிகள் ஏற்பாடு செய்யும் ஒரு மேனேஜர் தேடி வந்தார். நைலான் சட்டை, அக்குளில் ஈர வட்டம். எந்தச் சோப்புக்கும் அது மசியாது. "அந்த அலறல் இருக்கே, அதாம்மா உங்க சொத்து" என்றார்.

"அது வரி மறந்துபோச்சு சார்."

"வெளிய சொல்லிடாதீங்க."

ஜூலை 9

நேற்றுப் பாடிய மாதிரி இன்று பாடினால் அது ஜாஸ் இல்லை என்று எனக்குச் சொல்லித்தந்தவர் பியானோ அண்ணன். இப்போது அவரே, "எத வேணா மாத்து, அந்த இடத்த மட்டும் தொடாதம்மா" என்கிறார். அவருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாக வேண்டும்.

தொலைந்த காதலனுக்காக எழும் ஓலம் என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். காதலனாம்! ஒவ்வொரு மேடையிலும் அந்த இடம் வரும்போது அப்பாவின் குனிந்த முதுகைத்தான் மனசுக்குள் கூப்பிடுகிறேன். கூப்பிட்டால் வருகிறது, கூடவே அலறலும். அப்பாதான் வரவில்லை.

செப்டம்பர் 30

சுவரொட்டியில் என் திறந்த வாய் மட்டும். ஆள் யார் என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

டிசம்பர் 5

அடுத்த வாரம் எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பெரிய அரங்கில் கச்சேரி. அண்ணி மூலமாக அப்பாவுக்கு டிக்கெட் அனுப்பினேன். கிழித்துப் போடட்டும், எனக்கென்ன.

வந்துவிட்டால்?

டிசம்பர் 12

முதல் வரிசையில் இருந்தார், அவரே தேய்த்த சட்டையில். அந்த இடம் நெருங்க நெருங்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. எழுந்திருக்கவில்லை. அந்த வரி அப்படியே வாயில் வந்து நின்றது – "நீ திரும்பும்வரை விழித்திருப்பேன்." முதல்முறையாக முழுசாகப் பாடினேன். அவருக்காகவே பாடினேன்.

அரங்கில் ஒரு கைதட்டல்கூட இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உள்ளே வந்ததும் மேனேஜர் பாய்ந்தார்: "என்னம்மா, அலற மறந்துட்டியா?"

அப்பா ஒப்பனை அறைக்கு வந்தார். தொங்கிக்கொண்டிருந்த கவுன்களைத் தடவிப் பார்த்தார்.

"ரேடியோல ஒரு எடத்துல அழுவியே, அது இன்னைக்கு வரலயேம்மா. அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்னைக்கு ஏன்பா பாதில எழுந்து போனீங்க?"

"அன்னைக்கா? உன் கவுனத் தேய்ச்சுட்டு இஸ்திரிப் பெட்டிய அணைச்சேனா இல்லையான்னு சந்தேகம் வந்துருச்சு. ஓடிப் போய்ப் பாத்துட்டு வர்றதுக்குள்ள ஓட்டல் வாட்ச்மேன் கதவ மூடிட்டான். வெளிய நின்னுதான் மிச்சத்தக் கேட்டேன். அப்புறம் நீயும் வீட்டுக்கு வரல. பெரிய ஆளாயிட்ட, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

"அணைச்சிருந்தீங்களா?"

"அணைச்சுதான் இருந்துச்சு."

டிசம்பர் 13

நாளை வேறு ஊர். அலறல் இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அலறுகிறேன் என்று தலையாட்டினேன். மதியம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று அப்பாவின் முதுகைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டிதான் வருகிறது.