மாதா எங்கள் வீட்டில் தங்கிய அன்று

என் அன்புக்குரிய பேட்ரிக் அண்ணே,

உங்கள் கோவா ஊர்ச்சங்கம் உடையவில்லை. முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நிலைமை சரியில்லை. உங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் வாடகைக்குப் பயந்து துபாய் அல் குசைஸை விட்டு ஷார்ஜா பக்கம் போய்விட்டார்கள். மாதா சிலையை நாளுக்கொரு வீடாகக் கொண்டுபோவது இனி நடக்காது, ஹாலில் ஒருநாள் விழா போதும் என்றார் சேவியர். வீட்டுக்கு வராத மாதா எதற்கு என்று லோர்னா அக்கா கூட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு கட்சி, இரண்டு வாட்ஸ்அப் குழு. இந்தச் சுற்றோடு சரி என்று பேச்சு. இந்தச் சங்கத்துக்காக எத்தனை லீவு நாளைத் தொலைத்தீர்கள் நீங்கள்!

உங்கள் வீட்டு முறை வந்தது. அண்ணி கோவாவுக்குப் போய்விட்டதால் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு ராத்திரிகூட மாதா வீடில்லாமல் இருக்கக் கூடாதே. லோர்னா அக்கா எங்கள் கதவைத் தட்டினார்.

"முருகேசன் பாய், ஒரே ஒரு நைட். வச்சுக்குவீங்களா?"

என் வீட்டுக்காரி செல்வியைக் கேட்க வேண்டுமா! வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, சுண்டல் தாளித்து அமர்க்களப்படுத்திவிட்டாள். சாயங்காலம் இரண்டு கட்சியும் வந்தது. ஒன்று சோபாவில், மற்றது சமையலறை வாசலில். யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெபம் முடிந்து பாட்டுத் தொடங்கியபோது செல்வி தூபக்காலோடு வந்து நின்றாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

"அம்மன் வீட்டுக்கு வந்திருக்கா, சாம்பிராணி போடாம எப்படிங்க?"

அவ்வளவுதான். ஃபயர் அலாரம் அலறியது, கட்டடமே கீழே இறங்கியது. சேவியர் யோசிக்கவே இல்லை, மாதாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். லோர்னா அக்கா முன்னால் வழி விலக்கிக்கொண்டு ஓடினார். பார்க்கிங்கில் பட்டான் டிரைவர்கள், மலையாளி நர்ஸுகள், பிள்ளைகுட்டிகள், நடுவில் மாதா. எனக்குத் தலை நிமிரவே கூச்சம். யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். விட்ட இடத்திலிருந்து லோர்னா அக்கா பாட்டை எடுத்தார். சேவியரும் சேர்ந்துகொண்டார்.

வாட்ச்மேன் வந்தான். "கலாஸ் பாய், முடிஞ்சுது, எல்லாரும் மேல போங்க."

"இரு பாய்," என்றார் சேவியர். "பாட்டு இன்னும் முடியலை."

மேலே வந்து சுண்டல் சாப்பிடும்போது அவரே கேட்டார், அடுத்த வருஷம் யார் வீட்டில் தொடங்கலாம் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணே. எத்தனை மாதமாக அடைத்துக் கிடந்த மூச்சு! நீங்கள் எங்கேயாவது நின்று பார்த்தீர்களா?

இனி மாதா ஷார்ஜாவுக்கும் போவாள். சேவியரின் வண்டியில் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஆனால் உங்கள் முறை வரும் நாளில் அவள் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் கதவைத் திறப்போம். இது நானும் செல்வியும் தரும் வாக்கு.

உங்கள் எதிர்வீட்டுத் தம்பி,
முருகேசன்