வகுப்புப் படத்தில் இரவல் கண்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன், நீ போனை எடுக்காததால் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. நாங்களும் சுகம் என்றுதான் அடுத்த வரியைச் சொன்னேன், உன் தங்கை தட்டச்சை நிறுத்திவிட்டு, பொய்யெல்லாம் அடிக்கமாட்டேம்மா என்கிறாள். ஸ்டுடியோ படியில் சறுக்கி என் வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆறிவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் அடித்து மெயிலில் அனுப்புகிறாள். நான் பேச்சில் சொல்வதையெல்லாம் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள், கேட்டால், அக்கா தப்பு கண்டுபிடிச்சு சிரிப்பாம்மா என்கிறாள். நீ சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் இது சிரிக்கிற கடிதம் இல்லை.

தையற்கடைக்காரியின் மகன் போய்விட்டான். அதுதான், ப்ளாஷ் அடிக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வானே, அப்பாகூட ஏண்டா கண்சிமிட்டி, ஒரு தடவையாவது என்னைப் பாருடா என்று கெஞ்சுவாரே, அவன்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், வீட்டுக்கு வரவேயில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். பழைய போன் தண்ணீரில் விழுந்தபோதே அதிலிருந்த படங்களும் போயிருக்கின்றன, கைக்குழந்தையாக எடுத்த படத்தை விட்டால் அவளிடம் இருப்பது நாம் எடுத்த வகுப்புப் படம் மட்டும்தான். அதிலிருந்து மகன் முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டக் கேட்டாள். அப்பா அன்றே செய்து, சட்டம் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் சட்டத்தை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். இது என் புள்ள கண்ணு இல்ல அண்ணே என்றாள். அப்பா, பெருசாக்கினா கொஞ்சம் மாறித் தெரியும்மா என்று சமாளித்தார். அவள் சண்டை போடவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் நேத்து தெச்ச சட்டைய வாங்க வந்தான் அண்ணே, இந்தக் கண்ணு அவன் மூஞ்சில இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுதான் வரேன் என்றாள். அப்பா அப்படியே உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட்டார். இருபது பிள்ளைகள் நிற்கிற படத்தில் இவன் கண்ணை மூடியிருக்கிறான், கூட நின்ற அந்தப் பையனுக்கும் அதே நிறம், அதே வெளிச்சம், வகுப்புப் படத்தை அச்சுக்குக் கொடுக்கும்போதே அவன் கண்ணை எடுத்து இவனுக்கு ஒட்டிவிட்டார். நம் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், டீச்சர்கூடப் படம் பிரமாதம் என்று பாராட்டினார். ஒட்டியதையும் அடியில் இருந்ததையும் ஒன்றாக்கி மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட்டதால், கீழே இருந்த நம் பையனின் இமையை இப்போது பிரித்தெடுக்கவும் வழியில்லை.

நீ இங்கேயே இருந்திருந்தால் மூலப் படம் இருந்திருக்கும். கார்டிலிருந்து இறக்கியதுமே இரண்டு இடத்தில் வைப்பாய், வருஷம், மாசம், பள்ளி என்று போல்டர் போடுவாய், நகலில்தான் கை வைப்பாய், ஆகாத படத்துக்கு வேண்டாம் என்று கறுப்புக் கொடி அடையாளம் போட்டாலும் அழிக்கமாட்டாய். ஹார்ட் டிஸ்க் என்ன இடுகாடா, செத்ததையெல்லாம் புதைச்சு வெக்க என்று அப்பா கத்துவார், இடம் வாங்கிக்கலாம்ப்பா, படத்தை வாங்க முடியாது என்று நீ கத்துவாய். அந்தச் சண்டையில்தானே நீ பெட்டியைத் தூக்கினாய். நீ போனபின் அச்சுக்குக் கொடுத்த கையோடு கொடி போட்டதையெல்லாம் அழித்துவிடுவது அவர் வழக்கமாகிவிட்டது, அதையும் மென்பொருளுக்குள்ளே செய்யாமல் வெளியே போல்டரைத் திறந்து அழிப்பார். அதனால் அந்தப் படங்கள் இன்னும் மென்பொருளின் பட்டியலில் தபால்தலை அளவுக்குத் தெரிகின்றன, மூலையில் கேள்விக்குறியோடு. தொட்டால் கோப்பைக் காணவில்லை என்கிறது. வகுப்புப் படத்தின் நான்காவது ஷாட்டில் அவன் தலையைத் தூக்கி ஏதோ சிரிக்கிறான். கண் திறந்திருக்கிறது என்கிறாள் சின்னவள், மூடித்தான் இருக்கிறது என்கிறார் அப்பா, பெரிதாக்கினால் வெறும் சதுரம் சதுரமாக உடைந்துவிடுகிறது. அழிந்ததை மீட்டுத் தருகிற ஆளிடம் டிஸ்க்கைக் கொடுத்தோம், மேல மேல வேற படம் எழுதியாச்சு சார், எவ்வளவு கெளறினாலும் இது வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

உன் அப்பா, அவன் கண்ணு எப்படி இருக்கும்னு சொல்லும்மா, நான் வரைஞ்சு தரேன் என்று அவளிடம் போய் நின்றார். எனக்கு யார் கண்ணும் வேணாம் அண்ணே, மூடியிருந்தா மூடியே இருக்கட்டும், அவனோடதா இருந்தாப் போதும் என்று சொல்லிவிட்டாளாம். அந்தச் சட்டம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தபடி அவள் கடையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி தன் பையனை அந்த வழியாக அனுப்புவதில்லை, தையற்கடைக்காரி மெஷினை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்க்கிறாளாம், அவன் பயந்துபோய்ச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். யாரைக் குற்றம் சொல்வது, இரண்டு பேருமே பெற்றவர்கள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வகுப்புப் படம் நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் எடுத்தது, விளக்குப் பிடித்ததே நீதான். போகும்போது அந்த வருஷப் படங்களின் இரண்டாவது பிரதி இருந்த சின்ன டிஸ்க்கை எடுத்துப்போனாய். போன மாதம் தங்கைக்கு, இடம் பத்தலடி, பழசையெல்லாம் அழிக்கப் போறேன் என்று மெசேஜ் போட்டாயாம். அழித்திருக்காதே. பள்ளியின் பேரில் போல்டர் இருக்கும், நான்காவது ஷாட், எண்ணைச் சின்னவள் உனக்குத் தனியே மெசேஜில் அனுப்பியிருக்கிறாள். கிடைத்தால் நீ எதையும் சரிசெய்ய வேண்டாம், வெளிச்சம்கூடக் கூட்டாதே, முகப்பருவை எடுக்காதே, வெட்டாதே. கேமராவில் விழுந்தது விழுந்தபடியே அனுப்பு. இல்லை என்றாலும் இல்லை என்று ஒரு வரி போடு, கோபத்தில் அதையும் எழுதாமல் இருந்துவிடாதே. தையற்கடைக்காரி தினமும் ஸ்டுடியோவுக்கு வந்து அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். இல்லை என்றால் நானே போய்ச் சொல்கிறேன், அவரை அனுப்பமாட்டேன், அவர் இப்போது கேமராவைக்கூடத் தொடுவதில்லை.

உனக்கு எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவ என் பேச்சை என்னைக்குக் கேட்டிருக்கா, கண்டிப்பா வெச்சிருப்பா என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதைப் போடாதே என்று சின்னவளிடம் சொன்னேன், போட்டுவிட்டாள் போலிருக்கிறது, இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் நல்ல மனிதர்கள் நடுவில், நோய் நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு இரு, இதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. மறந்துவிடாதே, அந்த டிஸ்க்கைப் புதுக் கம்ப்யூட்டரில் செருகினால் பார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், வேண்டாம் என்று கொடு. அவசரத்தில் கை தவறிவிடும், நிதானமாகப் படித்துவிட்டுக் கொடு.

உன் அம்மா
(அடித்தது தங்கை. அக்கா, கண் திறந்துதான் இருக்கு, நான் பார்த்தேன்.)